கீழ் போர்ஷனில் தம்பியைக் குடிவைப்பது: எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு துணை வேண்டும்?

நொய்யல்கரை:

வணக்கம். கோவையில் இருக்கிறோம். தம்பிக்கு 26 வயது, ஆட்டிசம். யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்கிறது. ஐம்பது அறுபது சொற்கள் பேசுவான். நாம் சொல்வது நன்றாகப் புரியும். படம், எண், கடிகாரம் பார்க்கத் தெரியும். பல் தேய்ப்பது, குளிப்பது, உடுத்துவது எல்லாம் தெரியும். வலிப்புக்கு இருவேளை மாத்திரை. கடைசியாக வலிப்பு வந்து 2 வருடம் ஆகிறது. வாரத்தில் 5 நாள், காலை 10 முதல் மாலை 4 வரை தொழிற்பயிற்சி மையம்.

அப்பாவுக்கு 67, மத்திய அரசு ஓய்வூதியர். அம்மாவுக்கு 61. நான் அக்கா, இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பா அம்மா மாடியில். கீழ் போர்ஷனில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள்: ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை. அதை வாடகைக்கு விடாமல், ஒரு உதவியாளரை வைத்துத் தம்பியை அங்கே குடிவைக்க யோசிக்கிறோம். "எங்களுக்கு அப்புறம்" என்று எப்போது பேச்செடுத்தாலும் ஏதோ ஒரு விடுதியில்தான் போய் முடிகிறது. அது வேண்டாம் என்பதற்காகத்தான் இது.

மூன்று மாதத்தில் மாற்றிவிட முடியுமா? ஒரு உதவியாளர் போதுமா? சமையலறையில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது? சட்டப்படி இப்போதே செய்துவைக்க வேண்டியது என்ன? அம்மா கேட்பது ஒன்றுதான்: ராத்திரி வலிப்பு வந்தால் யாருக்குத் தெரியும்?

மலைக்கோட்டை:

அப்பா அம்மா மாடியில் நலமாக இருக்கும்போதே தொடங்குகிறீர்கள், அது மிக நல்லது. ஒருவர் இறந்தபின் செய்தால், வீடு, ஆள், அன்றாடம் மூன்றும் ஒரே வாரத்தில் மாறிவிடும். ஆட்டிசம் உள்ளவருக்கு அது தாங்காது. ஆனால் 3 மாதம் போதாது. 9 முதல் 12 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிவில் ஒரு வரியில் நிற்க வேண்டியிருக்கிறது. "எல்லாம் தெரியும்" என்கிறீர்கள். தெரிவது வேறு, தொடங்குவது வேறு. பெரும்பாலான வீடுகளில் "எழுந்திரு", "பிரஷ் எடு", "சோப்பு போட்டியா", "துண்டு எங்கே" என்று காலையில் மட்டும் முப்பது நாற்பது தடவை அம்மாவின் குரல் ஒலிக்கும். பழகிப்போனதால் அது யார் காதிலும் விழுவதில்லை. அந்தக் குரலை நிறுத்திப் பாருங்கள்: பல் தேய்க்கத் தெரிந்தவர் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். குரல் மாடியில் இருக்கும், அவர் கீழே நிற்பார். கீழ் போர்ஷன் முயற்சி முதல் வாரத்திலேயே தோற்பது பெரும்பாலும் இதனால்தான்.

எனவே முதல் வேலை ஒரு நோட்டு. 7 நாள், எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, ஒவ்வொரு வேலைக்கும் எந்த உதவி தேவைப்பட்டது என்று குறியுங்கள்: தானாகச் செய்தார், படமோ கடிகாரமோ பார்த்துச் செய்தார், கை காட்டியதும் செய்தார், சொன்னதும் செய்தார், கையைப் பிடித்துச் செய்ய வைத்தோம். ஐந்தே வகை. அம்மா குறிக்க வேண்டாம். தான் சொல்வது அவருக்கே தெரியாது. நீங்கள் இரண்டு காலையும் இரண்டு மாலையும் அங்கே இருந்து குறியுங்கள், மற்ற நாட்களுக்கு அப்பா.

பிறகு "சொன்னதும்" என்று விழுந்தவற்றை ஒவ்வொன்றாகப் படத்துக்கு மாற்றுங்கள். குரலை வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது, படத்தை விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் காரணம். அவருடைய பிரஷ், அவருடைய வாளி என்று நீங்களே எடுத்த போட்டோக்கள் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் படம் வேண்டாம். 4 அங்குல அளவில் லேமினேட் செய்து, வெல்க்ரோ ஒட்டி, வேலை நடக்கும் இடத்திலேயே மாட்டுங்கள். முடித்ததும் படத்தைக் கழற்றிக் கீழே ஒரு டப்பாவில் போட வேண்டும். அந்தக் கழற்றும் செயல்தான் அடுத்த வேலைக்கான அழைப்பு. கழற்ற முடியாமல் ஒட்டிய அட்டவணை சீக்கிரமே சுவரோடு சுவராகிவிடும்.

படத்துக்கு மாறும்போது பின்னால் நின்று தோளை லேசாகப் படத்தின் பக்கம் திருப்புங்கள். பேசாதீர்கள். கை வைப்பதற்கு முன் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். வீட்டார் தோற்பது இந்தப் பத்து வினாடியில்தான். மூன்றாவது வினாடியில் வாய் திறந்துவிடும். ஒரு நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் எடுக்காதீர்கள். தொடர்ந்து 5 நாள் தானாகவோ படம் பார்த்தோ செய்தால் அடுத்ததற்குப் போகலாம்.

முடிவும் தெரிய வேண்டும். "நன்றாகக் குளி" என்றால் எப்போது நிறுத்துவது? தலைக்கு 3 குவளை, சோப்பு, பிறகு 8 குவளை, வாளி காலி என்றால் அவருக்கே தெரியும். பல் தேய்க்க 2 நிமிட மணல் கடிகாரம்.

வைகைப்பாலம்:

சமையலறை, குளியலறை, வலிப்பு மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன். வலிப்பு உள்ளவர் வீட்டில் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது.

கீழே காஸ் அடுப்பு வைக்கவே வேண்டாம். டைமரும் பட்டன் பூட்டும் உள்ள இண்டக்ஷன் அடுப்பு ஒன்று, மின்சார ரைஸ் குக்கர் ஒன்று போதும். மாடியிலிருந்து பழைய அலுமினியப் பாத்திரங்களை இறக்கிவிடாதீர்கள், இண்டக்ஷனில் சூடாகாது. "கெட்டுப்போச்சு" என்று தம்பி பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பார். அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம் இரண்டு போதும். விசில் குக்கர் வேண்டாம்: எண்ணிக்கை தவறும், சத்தமும் பலருக்கு ஆகாது. ரைஸ் குக்கர் வெந்ததும் தானே நின்றுவிடும். ஒரு டம்ளர் பச்சரிசிக்கு 2 டம்ளர் தண்ணீர், புழுங்கலரிசிக்கு இரண்டரை முதல் 3. டம்ளரில் எண்ணுவதைவிடப் பாத்திரத்தின் உள்ளே இருக்கும் அளவுக் கோடு சுலபம். நீங்கள் ஒருமுறை வடித்துப் பார்த்து, எந்தக் கோடு சரி என்று படத்தில் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

சமையலைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுங்கள். முதல் வாரம் எல்லாவற்றையும் நீங்கள் செய்யுங்கள்; மூடியைத் திறந்து தட்டில் பரிமாறுவது மட்டும் அவர். அடுத்த வாரம் சுவிட்ச் போடுவதும் அவர். இப்படிப் போனால் தினமும் அவர் கையால் ஒரு வேலை முடிகிறது, உடனே சாப்பாடும் கிடைக்கிறது. அரிசி கழுவுவதில் தொடங்கினால் பலன் தெரிய அரை மணி ஆகும். அதற்குள் எழுந்து போய்விடுவார். கடையில் வாங்கிய மாவில் இட்லி இரண்டாவது பாடமாக நல்லது: நீர் கொதித்தபின் டைமரில் 12 நிமிடம். ஆனால் இட்லிப் பானையைத் திறப்பதும் கொதிநீரை வடிப்பதும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டுமே. இடையில் வலிப்பு வந்தால் வெந்நீர் அவர்மேல் கவிழும்.

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருகித் திறக்கும் பூட்டுப் போடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் திறக்க முடியாது. தண்ணீர்த் தொட்டி இருந்தால் மூடுங்கள். கீசரை 50 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்து, வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் பிடிக்கும் வரிசையைப் படத்தில் காட்டுங்கள்.

இரவு வலிப்பு: அம்மாவின் கேள்வி நியாயமானது. உறக்கத்தில் வரும் வலிப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். உதவியாளர் பக்கத்து ஹாலில், படுக்கையறைக் கதவு பாதி திறந்து, இடையில் குழந்தைகளுக்கு வைக்கும் ஒலிக் கருவி. அதன் இன்னொரு முனை மாடியிலும் இருக்கலாம். தாழ்வான கட்டில், தலைமாட்டில் கூர்மையான எதுவும் வேண்டாம், தலையணை மெல்லியதாக. மாத்திரை தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைக் கூட்டிவரும் என்பதால் வாரப் பெட்டியில் 14 அறை, ஞாயிறு மாலை நிரப்புவது, 15 நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பு. கடைக்காரர் வேறு பிராண்டு தந்தால் மருத்துவரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்று இப்போதே கேட்டு எழுதி ஒட்டுங்கள்.

உதவியாளருக்கு: நேரம் பார், பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதுவும் வைக்காதே, கையில் சாவியோ இரும்போ திணிக்காதே, அமுக்கிப் பிடிக்காதே. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே தேவையா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். எழுதித் தந்தால் அதைப் பயன்படுத்த இரவு ஆளுக்குக் கட்டாயம் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. திடீரென்று இரண்டு மூன்று நாளில் கோபம், தலையில் அடித்துக்கொள்வது, சாப்பிட மறுப்பது என்று மாறினால் "புது வீடு பிடிக்கவில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் முதலில் பாருங்கள். வலியைச் சொல்லத் தெரியாதவர் அதை இப்படித்தான் சொல்வார்.

தாமிரபரணி:

ஒரு உதவியாளர் போதுமா என்றால், போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் 168 மணி நேரம். மையத்தில் 30. இரவு 9 மணி முதல் 6 வரை துணை ஆள் படுத்திருப்பது 63. தம்பி தனியாக இருக்கப் பழகிய நேரம், நாளுக்கு 2 மணி என்றால் 14. மிச்சம் 61 மணி நேரம் விழித்திருக்கும் துணை வேண்டும். வாரம் 48 மணிக்கு மேல் ஒருவரை வேலை வாங்கினால் மூன்றாம் மாதம் நின்றுவிடுவார். ஆக ஒரு பகல் ஆள், ஒரு இரவு ஆள், வார இறுதிக்கு மூன்றாமவர். மூன்றாமவருக்கு முதல் நாளிலிருந்தே வாரம் 8 மணி நேரமாவது கொடுங்கள். முதலாமவர் ஊருக்குப் போகும் அன்றுதான் அறிமுகம் என்றால் தம்பிக்கு அது பேரதிர்ச்சி.

அதே கணக்கில் இன்னொன்றும் தெரியும். தனியாக இருக்கும் 2 மணி நேரம் 3 ஆனால் வாரம் 7 மணி நேரச் சம்பளம் மிச்சம். முன்னேற்றத்தை இதில் அளந்தால் குடும்பத்துக்கும் புரியும். ஆனால் எல்லாவற்றிலும் துணையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். வலிப்பு, பணம், வெந்நீர் மூன்றிலும் துணை அப்படியே இருக்கட்டும். துணி மடிப்பது, பக்கத்துக் கடையில் அரை லிட்டர் பால் பாக்கெட் வாங்குவது, இவற்றில் குறையட்டும்.

உதவியாளரைத் தேடும்போது "அன்பானவர்" என்று மட்டும் தேடாதீர்கள். கை பரபரக்காமல் சும்மா நிற்கத் தெரிந்தவர் வேண்டும். சோதனை எளிது: தம்பி சட்டைப் பட்டன் போடும்போது பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். பாய்ந்து போட்டுவிட்டால், ஆறு மாதத்தில் தம்பி இன்று செய்வதையும் மறந்துவிடுவார். காவல்துறை சரிபார்ப்பு, முன்பு வேலை செய்த இரு வீட்டாரிடம் நேரில் விசாரிப்பு. குளியல் உதவிக்கு ஆண் உதவியாளர். ஒரே ஆள் மட்டுமே பார்க்கும் நிலை எப்போதும் வேண்டாம். சொல்லாமல் போய்ப் பார்ப்பது உங்கள் வேலை, வாரம் ஒரு முறையாவது, ஒரே நேரத்தில் அல்ல. திடீர்க் குளியல் பயம், உடலில் காயம், ஒருவரைக் கண்டதும் ஒதுங்குவது எதையும் விட்டுவிடாதீர்கள்.

ஆள் மாறும்போது நோட்டில் நான்கு வரி: சாப்பிட்டது, தூங்கிய நேரம், மாத்திரை, மலம் கழித்தது. அதற்கு மேல் எழுதச் சொன்னால் எதையும் எழுத மாட்டார்கள்.

நொய்யல்கரை:

மிக்க நன்றி. இன்று காலையே நோட்டைத் தொடங்கிவிட்டோம். பல் தேய்ப்பதிலிருந்து சட்டை போடுவது வரை அம்மா 31 முறை சொன்னார். அவரால் நம்பவே முடியவில்லை. இரண்டு கேள்வி. கேமரா வைக்கலாமா? அப்பா எல்லா அறையிலும் வைக்கச் சொல்கிறார். சட்ட விஷயம் யாராவது சொல்லுங்களேன்.

வைகைப்பாலம்:

வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று வைக்கலாம். வலிப்பு இருப்பதால் படுக்கையறையிலும் இரவில் மட்டும் வைக்கலாம் என்பது என் கருத்து.

மலைக்கோட்டை:

படுக்கையறைக் கேமராவை நான் ஏற்கவில்லை. ஒலிக் கருவியும் பக்கத்தில் ஆளும் இருக்கும்போது அது எதற்கு? 26 வயது ஆண் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தரங்கமான காரியம் எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்பதைக் கற்றுக்கொடுக்கவே முடியாது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவதை அம்மா உட்பட எல்லோரும் பழக வேண்டும். வாசல் கேமரா சரி. ஹாலில் வைத்தால் உதவியாளரிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.

இதோடு சேர்ந்தது: தம்பியிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்க வழி இருக்கிறது. கீழ் போர்ஷனையும் மாடியையும் போட்டோ எடுத்துத் தினமும் மாலையில் நீட்டி, எங்கே காபி என்று அவரே ஒன்றை எடுக்கட்டும். படத்தின் இடத்தை மாற்றி மாற்றி நீட்டுங்கள். சிலர் எப்போதும் வலப்பக்கத்தையே தொடுவார்கள். படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசும் ஆவாஸ் செயலி சென்னையில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. ஐம்பது சொல் பேசுபவருக்கும் அது உதவும். "வேண்டாம்", "நிறுத்து", "வலிக்குது" மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். அவர் "வேண்டாம்" என்று தொட்டால் அன்று நிறுத்துங்கள். தொட்டும் பலனில்லை என்றால் இரண்டாம் முறை தொட மாட்டார்.

கீழவாசல்:

சட்டப் பக்கம்.

18 வயதோடு பெற்றோரின் இயற்கைப் பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது. பல வீடுகளில் இது வங்கியில் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 14வது பிரிவில் பாதுகாவலரை நியமிக்கலாம். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவுக்கு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம்; யாரை நியமிக்கக் கேட்கிறீர்களோ அவர் சம்மதம் வேண்டும். பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியத்துக்கு என்று குழு பார்க்கும். எனவே "எல்லாவற்றுக்கும்" என்று எழுதாமல், வங்கி, மருத்துவம், ஓய்வூதியம் என்று காரியம் குறித்துக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14வது பிரிவும் வரையறுத்த பாதுகாவலர் என்றுதான் சொல்கிறது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவர் விருப்பத்தை ஒட்டி, அவரோடு சேர்ந்து.

நியமனம் ஆனதும் பலர் சான்றிதழை பீரோவில் வைத்துவிடுகிறார்கள். 6 மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் குழுவுக்குத் தர வேண்டும்.

அப்பா மத்திய அரசு ஓய்வூதியர் என்பதால் இதை முதலில் செய்யுங்கள்: தானே சம்பாதித்து வாழ முடியாத மாற்றுத்திறனாளி மகனுக்கு, அப்பா அம்மாவுக்குப் பின் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டு. தம்பி பெயரை மருத்துவச் சான்றிதழோடு அப்பா உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதிய ஆணையில் சேர்க்கக் கேளுங்கள். அவருக்குப் பின் நீங்கள் அலைந்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

வீடு: உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தம்பிக்கும் சமபங்கு வரும், குறைபாடு காரணமாக அதை மறுக்க முடியாது என்று 28வது பிரிவே சொல்கிறது. ஆனால் அவர் பெயரில் நேராக வரும் சொத்தை யார் நிர்வகிப்பது என்பதில் சிக்கல். "அக்கா பார்த்துக்கொள்வாள்" என்று முழுதும் உங்கள் பெயருக்கு எழுதுவதும் தவறு. உங்களுக்கு ஏதாவது ஆனால் அது உங்கள் வாரிசுகளுக்குப் போகும், தம்பிக்கல்ல. தம்பி நலனுக்கென்று ஒரு தனியார் அறக்கட்டளை ஏற்படுத்தி, கீழ் போர்ஷனில் வாழ்நாள் குடியிருப்பு உரிமையையும் அதில் எழுதி, உயிலை அதோடு இணைப்பது பாதுகாப்பு. அறங்காவலர் குறைந்தது இருவர். ஒருவராவது உங்கள் தலைமுறைக்கு இளையவர். பாதுகாவலரும் பணம் வைத்திருப்பவரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில்லறைச் செலவுக்கு யூபிஐ சர்க்கிள் உதவும். உங்கள் கணக்கிலிருந்து தம்பி போனில் செலவு செய்யலாம். முழு அனுமதி தந்தாலும் ஒரு முறைக்கு 5,000, மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் போகாது, அதற்குக் கீழே நீங்களே வரம்பு வைக்கலாம். பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு தடவையும் உங்கள் ஒப்புதல் கேட்கும். பால் கடை வாசலில் நீங்கள் போனை எடுக்கும் வரை அவர் நிற்க வேண்டியிருக்கும். முழு அனுமதி, குறைந்த வரம்பு, அதுவே நல்லது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, எடுக்க மருத்துவப் பரிசோதனை தேவையில்லை.

தாமிரபரணி:

முதல் இரவு பற்றி மட்டும் சேர்க்கிறேன். அதற்கு முன் இரண்டு மாதம் பகலில் மட்டும் கீழே: மாலைக் காபி, பிறகு குளியல், பிறகு இரவு உணவு. முதல் இரவு வெள்ளிக்கிழமை வேண்டாம். மறுநாள் மையம் இல்லாததால் நாளின் வடிவம் கலைந்திருக்கும். செவ்வாய் நல்லது. அதே போர்வை, அதே மின்விசிறி வேகம். காலை எங்கே விடியும் என்று படத்தில் காட்டுங்கள். கீழே ஒரு இரவு, மாடியில் இரண்டு இரவு என்று 4 வாரம். நாள்காட்டியில் இரண்டு நிறத்தில் முன்கூட்டியே ஒட்டிவிட வேண்டும். "இன்னிக்கு நல்லா இருக்கான், இன்னொரு நாள் இருக்கட்டும்" என்று நீட்டாதீர்கள். நாள்காட்டி சொன்னபடியே நடந்தால்தான் நம்புவார்.

அம்மா இரவில் கீழே இறங்க வேண்டாம். எட்டிப் பார்த்தாலும் வேண்டாம். ஒலிக் கருவி மாடியில் இருக்கட்டும், காதில் வைத்துக்கொண்டு படுக்கட்டும். அவர் தூங்கப் பழகவும் அந்த 4 வாரம் வேண்டும்.